கதைக்கு ஓர் அர்ச்சனை

நயினாதீவிலிருந்து குறிகாட்டுவானுக்குத் திரும்பும் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில் அம்மன் கோயில் அர்ச்சனைத் தட்டு.

"தமையனும் தம்பியின்ர பெண்சாதியும் சேரக்கூடாதெண்டு அர்ச்சனை செய்தனான்," என்றார் அவர்.

இளையவர் குரலைத் தாழ்த்தினார். "ஆரின்ர வீட்டிலயக்கா?"

"வீட்டில இல்லை. நான் போனில வாசிக்கிற தொடர்கதையில."

"கதைக்கோ அர்ச்சனை! அவை சேர்ந்தால்தானே உங்களுக்குச் சந்தோசம்?"

"சேர்ந்தால் பிறகு அதில என்ன கிடக்கு? கிட்ட வந்து வந்து தொடாமல் போறதுதான் சுகம். எனக்கு நித்திரையே வாறதில்லை."

"ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டிருப்பாரே?"

"ஓம். கதையில நட்சத்திரம் எழுதேல்லை. அதால என்ர நட்சத்திரத்தையும் என்ர மனுசன்ர நட்சத்திரத்தையும் சொல்லிப்போட்டன்."

"அக்கா! அத்தான் வாற மாசம் கனடாவிலயிருந்து வாறாரெல்லோ? உங்கட ரண்டு நட்சத்திரத்தையும் சொல்லிப்போட்டோ சேரக்கூடாதெண்டு அம்மாளைக் கேட்டனீங்கள்?"

மூத்தவரின் கை நெற்றித் திருநீற்றில் போய் நின்றது. பிறகு படகோட்டியைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணை, திரும்பி நயினாதீவுக்கு எப்ப போறியள்?"