பச்சைத் தோல் வார்

மான் தோலை ஈரமாக இருக்கும்போதே மரத்தின் மேல் இழுத்து ஆணி அடித்துவிட வேண்டும். காயக் காயச் சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். தலையில் கட்டி ஆடுகிற மர மிருகங்களைச் செதுக்கும் எங்கள் எஜாகம் இனத்தான் எவனுக்கும் இது தெரியும். ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு ஆண்டவன் காலை மட்டும்தான் கொடுத்தான்.

எயோங் அப்படிப்பட்ட ஆட்டக்காரன். கிழங்கு அறுவடை விழாவுக்காக நான் நான்கு மாதம் செதுக்கிய சிறுத்தையைப் பத்துப் பேரோடு பார்க்க வந்தான்.

“என்னண்ணே, இதுக்குப் புல்லு போடணுமா? சிறுத்தைன்னாங்க, எனக்கு வெள்ளாடு மாதிரில்ல தெரியுது.”

சிரித்தார்கள். மறுநாள் சந்தையில் மீன்காரிகூட, “உங்க ஆடு எப்பண்ணே குட்டி போடும்?” என்று கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. களிமண் மண்டைகளிடம் கோபப்பட்டு என்ன பயன்?

விழாவன்று காலை சிறுத்தையை அவன் தலையில் நான்தான் கட்டினேன். அது செதுக்கியவன் வேலை. கழுத்துக்கு வழக்கமான நார்க்கயிறு போடவில்லை. ஊறவைத்த பச்சைத் தோலை வாராக அறுத்துப் போட்டேன்.

“குளுகுளுன்னு இருக்குண்ணே,” என்றான்.

அதன்மேல் கைவிரல்வரை மூடுகிற நார் உடையை மாட்டினேன். மிருகத்தைத் தலையில் சுமந்து ஆடுகிறவன் வாய் திறக்கக் கூடாது, தானாக அவிழ்க்கவும் கூடாது. செதுக்கியவனைத் தவிர வேறு யாரும் அவனைத் தொடக் கூடாது. இதெல்லாம் நான் போட்ட சட்டமில்லை.

உச்சி வெயிலில் துள்ள ஆரம்பித்தான். இப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை என்று கூட்டம் கைதட்டியது. ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவனோடு மணி அடித்து வந்த அபாங் மட்டும் என்னிடம் ஓடிவந்தான்.

“அண்ணே, அவனுக்கு என்னமோ பண்ணுது. கழுத்துக் கட்டைக் கொஞ்சம் பாருங்க.”

“நீ போய் மணியை அடிடா. சிறுத்தை அப்படித்தான் ஆடும்.”

பிறகு எயோங்கே தள்ளாடி வந்து என் முன்னால் மண்டியிட்டான். தலை என் பாதத்தில் பட்டது. கத்தி என் இடுப்பில்தான் இருந்தது. நான் குனிந்து சிறுத்தையின் காதைத் தடவிப் பார்த்தேன். தோல் ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்திருந்தது.

அவன் அசையாமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் அவன்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அது சிறுத்தை என்றும் எழுதுங்கள்.