முதல் ஐம்பதாயிரம்

“முதல் ஐம்பதாயிரம் நம்ம கைக்காசு அம்மிணி. அதைத் தாண்டிட்டா, வருசம் முடியற வரைக்கும் ஊட்டுல யாருக்கு என்னானாலும் இன்சூரன்ஸ் கம்பெனி பாத்துக்கும்.”

“தாண்டலீன்னா என்னங்க அர்த்தம்?”

“நமக்குச் சீக்கே இல்லைன்னு அர்த்தம்.”

பாலிசி எடுத்த அன்று நானும் என் வீட்டுக்காரர் தனபாலும் பேசிக்கொண்டது இது. பிரீமியம் குறைவு என்று அவருக்கு அத்தனை சந்தோஷம். நெருப்பெரிச்சல் என்ற எங்கள் ஊரில் பனியன் தைக்கும் யூனிட் வைத்திருப்பவர், துணியில் ஓர் அங்குலம் வீணாக விடமாட்டார். நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அதன்பின் எங்கள் வீட்டில் பல்வலிக்குக் கிராம்பு, காய்ச்சலுக்குக் கஷாயம். ஐம்பதாயிரத்தை எட்டாத நோய்க்கு மரியாதையே இல்லை. ஒருமுறை என் தம்பி கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல் இருந்தது. சீக்கிரம் எடுத்துவிடுங்கள், நாற்பத்தைந்தாயிரம் ஆகும் என்றார் டாக்டர். தொகையைக் கேட்டதும், வீட்டுக்காரரிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். வலியில் சுருளும்போது வாய்வு என்பேன். அவர் பாவம், ஓமத் தண்ணீர் காய்ச்சித் தருவார்.

இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வீட்டில் வேறு யாராவது முதலில் அந்த ஐம்பதாயிரத்தைத் தாண்டிக் கொடுத்தால் போதும்.

அவர் எதையும் தூக்கிப் போடமாட்டார். விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் காலைக்கூட நைலான் நூலால் தைத்து வைத்திருந்தார். பிசிறு வெட்டும் கத்தரியால் அந்தத் தையலைப் பிரித்தேன். அவரைத் துன்பப்படுத்தும் எண்ணம் துளியும் இல்லை. கை ஒடிந்தால் முப்பதாயிரத்தோடு முடிந்துவிடும் என்று பக்கத்து வீட்டு தெய்வாத்தாள் சொல்லியிருந்ததால், நாற்காலியைப் பாய் மேலிருந்து நகர்த்தி வெறும் தரையில் போட்டேன். பிறகு, பரணில் இருக்கும் பெரிய குண்டாவை எடுத்துத் தரச் சொன்னேன்.

தொடை எலும்பு. பிளேட், ஸ்குரூ எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம்.

கட்டிலை விட்டு நான் நகரவே இல்லை. இப்படி ஒரு சம்சாரம் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் அவரிடம் சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வலி குறைந்ததும் அவர் உற்சாகமாகிவிட்டார். இனி எல்லாம் கம்பெனி செலவு என்று, படுத்தபடியே கண்ணையும் இதயத்தையும் பார்த்துவிடச் சொல்லி டாக்டரை நச்சரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்கு ஏதாச்சும் இருந்தாச் சொல்லிப்போடு அம்மிணி. வருசம் முடியறதுக்குள்ள பாத்துக்கலாம்.”

இத்தனை அன்பாகக் கேட்கிறவரிடம் எப்படி மறைப்பது? சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டேன்.

“ஏனுங்க, என்ற பித்தப்பைல இருக்கற கல்ல எடுத்துப்போடலாங்களா?”