பினாங்கில் தங்கிவிட்ட மாப்பிள்ளை

ஒட்டுக்கேட்பது என் பழக்கமல்ல. ராயபுரம் டிராமில் வேறு வழியில்லை. முன் பெஞ்சில் இரண்டு பெண்கள்.

"எங்க வூட்டுக்காரரு இன்னும் பினாங்குலதான் கீறாரு அக்கா" என்று இளையவள் அலுத்துக்கொண்டாள்.

"இன்னாடி சொல்ற? காலையில காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கிகினு இருந்தாரே!"

"அது நெசத்துல. நான் பத்திரிகைய சொல்றேன். வாலிபத்துல கப்பலேறி ஊரு சுத்துனத வாராவாரம் எழுதுறாரு இல்ல? பினாங்குல எறங்கி நாலு மாசம் ஆவுது, நவுர மாட்டேங்குறாரு."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் சட்டென்று திரும்பினார்.

"அவரு வூட்டம்மாவா நீ? அவசரப்படுத்தாத தங்கச்சி. அப்படியே சிங்கப்பூரையும் காட்டச் சொல்லு."

"நல்லாக் கீது அண்ணே! அவரு ஊரு திரும்புனப்புறம்தான் எங்க கண்ணாலம். மூணு புள்ள பெத்துட்டேன், பத்திரிகையில எனக்கு இன்னும் தாலி ஏறல!"

டிராமே சிரித்தது. அவளும் சிரித்தாள். கண்டக்டர் மட்டும் மணிக்கயிற்றைப் பிடித்தபடி யோசித்தார்.

"செரி, சிங்கப்பூரு வேணாம். நேரா ராயபுரத்துக்கு வரச் சொல்லு. ஆனா ஒண்ணு, கண்ணாலத்த ஒரே வாரத்துல முடிச்சிடக் கூடாது, ஆமா!"