மூத்தாளின் சேணம்

ஜெகபர் சாதிக்: இந்தப் பெரிய சேணம் வேணாங்க முதலாளி. பாப்பா எப்படி வழுக்குது பாருங்க! உள்ளே இன்னொரு பாப்பாவையே உட்கார வெச்சிடலாம்.

மயிலம்மாள்: நான் சொன்னப்ப கேக்கலியே. இப்ப கடைக்காரர் சொல்றாரு, கேட்டுக்குங்க.

ரத்தினவேல்: ரங்கநாயகிதான் அடம் பிடிச்சா... அம்மா சேணம்தான் வேணும்னு.

மயிலம்மாள்: அம்மா சேணம்! அப்ப நான் யாராம்?

ஜெகபர் சாதிக்: இந்தச் சின்னதுல உட்காரு தாயி... மரக்குதிரைதான், ஓடாது. முதுகுக்குப் பின்னால மூணு விரல் நுழையுது, போதும். வாரோட சேத்துக் கையை நீட்டு... கால் வைக்கிற வளையம் அக்குள் வரைக்கும் வருது. அளவெடுத்துத் தச்ச மாதிரி!

மயிலம்மாள்: என் கண்ணே பட்டுடும்! எறங்கு ரங்கம். வில்வண்டியில போய் உட்காரு, அப்பா மிட்டாய் வாங்கித் தருவாரு.

ரத்தினவேல்: சின்னதையே கட்டுங்க பாய். பெரிசுக்கும் உள்ளே பஞ்சு மாத்தி, புது வார் போட்டுடுங்க.

மயிலம்மாள்: பெரிசுக்கு எதுக்கு? யாரு ஏறப் போறா?

ரத்தினவேல்: இருக்கட்டுமே...

மயிலம்மாள்: எது இருக்கட்டும்? கூடத்துல அவ படம். திவசத்துக்கு அவளுக்குப் புடவை வெச்சுக் கும்பிடறேன். என் கழுத்துல மூத்தாளுக்குன்னு ஒரு பொட்டு. லாயத்துலயும் செங்கமலம்தானா?

ரத்தினவேல்: மெதுவா... கடையில இருக்கோம்.

மயிலம்மாள்: பாலக்கரையே கேக்கட்டும்!

ஜெகபர் சாதிக்: நான் எதுவும் கேக்கலீங்கம்மா. ஆணி தேடிட்டிருக்கேன்.

மயிலம்மாள்: பாய், இந்தப் பெரிசை நீங்களே வெச்சுக்குங்க. காசுகூட வேணாம்.

ரத்தினவேல்: கையை எடு மயிலு. இதைக் குடுக்க மாட்டேன்.

மயிலம்மாள்: அவ்வளவு... அவ்வளவு ஆசையா அவ மேல, இன்னும்?

ஜெகபர் சாதிக்: ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இது சும்மா கிடந்த சேணம் இல்லீங்க, வார் புதுசாத் தேஞ்சிருக்கு. யாரோ இப்பவும் ஏறிட்டிருக்காங்க.

ரத்தினவேல்: ஓகோ! குதிரைக்காரன் காத்தான் வேலையா இருக்கும். வீட்டுக்குப் போனதும் அவனை...

மயிலம்மாள்: அவனை ஒண்ணும் கேக்காதீங்க.

ரத்தினவேல்: ஏன்? லாயத்துல வேற யாரு இருக்கா?

மயிலம்மாள்: ...நான்தான்.

ரத்தினவேல்: நீயா? குதிரை கனைச்சாலே கதவைச் சாத்துவியே!

மயிலம்மாள்: நீங்க கோர்ட்டுக்கு வர்ற நாள்ல... கொள்ளிடக்கரைத் தோப்புல. காத்தான் பொஞ்சாதி கயித்தைப் பிடிச்சுக்குவா.

ரத்தினவேல்: என்னத்துக்கும்மா இதெல்லாம்?

மயிலம்மாள்: செங்கமலம் குதிரை ஏறினா ராணி மாதிரி இருப்பான்னு சீரங்கம் வரைக்கும் பேச்சு. நீங்களும் சொல்லியிருக்கீங்க... நான் சோறு போடறப்ப! நானும் அப்படி இருப்பேனான்னு பாக்கத்தான். மொதல்ல ஏறினப்ப முட்டி மடங்கி ஒரே வலி. அவ குட்டை, நான் நெட்டை. சேணம்கூட என்னைச் சேத்துக்கலியேன்னு அழுதேன்.

ரத்தினவேல்: அப்புறமும் ஏன் ஏறினே?

மயிலம்மாள்: ரோஷம்தான். ஒரு நாள் பாத்தா, கால் சுகமா நீண்டு நிக்குது. ஒடம்பே சிலிர்த்துப் போச்சு... அவளே மனசு எறங்கி எனக்கு இடம் விட்டாளோன்னு. அவ குடுத்து நான் ஏறணுமா? அதான் இது நம்ம வீட்டுல வேணாங்கறேன்.

ரத்தினவேல்: அவ இல்ல, மயிலு. ஒரு நாள் கோர்ட்டு சீக்கிரம் முடிஞ்சு தோப்பு வழியாத் திரும்பினேன். மறுநாள் கால் வளையத்து வாரை எறக்கி மாட்டினது நான்தான். இங்க கொண்டாந்ததும் உனக்காகத்தான்... நான் இன்னும் எத்தனை நாளைக்கு மாமரத்துக்குப் பின்னால நின்னே உன்னைப் பாக்கறது?