ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார்

கண்டியிலிருந்து கலகெதர போகும் பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் நின்றுவிட்டது. முன் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் தன் கணவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பாதிக் கட்டில் இனி அவளுக்குக் காலியா கெடக்கும். பாவம்."

அன்றுதான் அரசாங்க ஆஸ்பத்திரியில் இவளுக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வார்டில் இடமில்லாததால் மூன்று நாளும் ஒரே கட்டிலில் இரண்டு தாய்மார்.

"எங்கிட்ட வசதி இருந்தா பிரைவேட்ல தனி ரூம் எடுத்திருப்பேன்," என்றான் அவன், தலையைக் குனிந்தபடி.

"தனியா இருந்தா பயந்தே போயிருப்பேங்க. தையல் வலிச்சப்ப பக்கத்துல படுத்திருந்த குசுமாதான் முதுகத் தடவி விட்டா. நான் கண்ணசந்தா நம்ம புள்ளைய அவதான் மடியில வச்சிருப்பா."

"அவளோட புள்ள எங்க?"

"எட்டு மாசத்துலயே பொறந்திருச்சு. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. பொழைச்சிரும்னு டாக்டர் சொன்னாரு. ஆனா இன்னும் அவ கையில குடுக்கல."

அவன் குழந்தையின் துணியை இழுத்துப் போர்த்திவிட்டான்.

"பார்க்க யாரும் வரலையா?"

"புருசன் கொழும்புல வேலை, லீவு கெடைக்கல. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு நீங்க சோறு கொண்டுபோய்க் குடுங்க."

"குடுக்கிறேன். ஆனா எனக்குச் சிங்களம் சரியா வராதே. என்ன பேசுறது?"

"அவளுக்கும் தமிழ் வராது," என்றாள். "மூணு நாளும் நாங்க பேசிக்கிட்டேதான் இருந்தோம்."