கலங்காத ஆள்

ஒருவர் டீயை ஆற்றிக் குடிக்கும் விதத்தைப் பார்த்தே அவர் வெளிநாட்டில் தாக்குப்பிடிப்பாரா என்று சொல்லிவிடுவேன், ஐயா. உங்களுக்குச் சரிப்படாது. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து இரண்டு தடவை வீட்டுக்குப் போன் போட்டுவிட்டீர்கள்.

கம்பெனியில் என் வேலையே அதுதான். அணை கட்டும் இடத்துக்கு யாரை அனுப்பலாம் என்று குணம் பார்த்துச் சொல்வது. கலகலப்பானவர்கள்தான் வெளிநாட்டில் ஜெயிப்பார்கள் என்பார் மேனேஜர். அப்படிப் போன மெக்கானிக், குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் அடுத்த விமானத்தில் வந்து இறங்கினார். எலக்ட்ரீஷியனுக்கு மனைவி கோபித்துக்கொண்டாள் என்ற சேதியே போதுமாயிருந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, ஆள் கெடுவது குணத்தால் அல்ல, வீட்டுச் சேதியால்.

அதனால்தான் கிரேன் ஓட்டுபவரைச் சொன்னேன். வேலை நேரத்தில் அவர் வீட்டுக்குப் போன் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஆபீசில் அவருக்குப் பெயரே ஊமைக்கோட்டான்.

"இவனும் பாதியில ஓடி வந்தா, நீங்களும் மூட்டையக் கட்டிட வேண்டியதுதான்," என்றார் மேனேஜர்.

மலைக்கு நடுவே செல்போன் எடுக்காது. வாரம் ஒருமுறை ஆபீஸ் சாட்டிலைட் போனில் நான்தான் பேசுவேன். வீட்டுச் சேதி எல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும், வரும்.

ஒருநாள் அவர் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. அண்ணன் பேரையே சொல்லிட்டிருக்கார். உடனே வரச் சொல்லுங்கக்கா."

"சொல்றேம்மா," என்றேன்.

அந்த வாரம் அவர் கேட்டார். "அப்பா எப்படி இருக்கார்க்கா?"

"அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கார். வேலைய முடிச்சுட்டே வரச் சொன்னார்."

சந்தோஷத்தில் மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். ஊமைக்கோட்டானைச் சிரிக்க வைத்தது இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

தங்கை மறுபடி கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. "அண்ணன் வர்ற வரைக்கும் வெச்சிருக்கோம்க்கா," என்று அழுதாள். பாவம், எத்தனை நேரம்தான் வைத்திருப்பார்கள்?

"எடுத்துடுங்கம்மா. அண்ணன்தான் சொல்லச் சொன்னார். வேலை தலைக்கு மேல கிடக்காம்," என்றேன்.

அடுத்த வாரம் அவருக்கு வாயெல்லாம் பல். "அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியிருக்கேன்க்கா. இனிமே யாரும் கத்திப் பேச வேண்டாம். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, நேர்ல போட்டு விடணும்."

சொல்லவில்லை, ஐயா. ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அணை முடிந்தது. அங்கேயே அவரைச் சிறந்த ஊழியர் என்றார்கள். மேனேஜர் எனக்குக் கைகொடுத்து, "உங்க கண்ணு எக்ஸ்ரே கண்ணும்மா," என்றார். கிரேன்காரர் விமானத்திலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குப் போயிருக்கிறார். தங்கை அவர் முகத்திலேயே கதவைச் சாத்தியிருக்கிறாள். நான் சொன்னதெல்லாம் வெளிப்பட்ட பிறகுதான் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறார்கள்.

ஆமாம், மறைத்தது நான்தான். பொய் சொன்னதும் நான்தான். ஆனால் என் கணிப்பு தப்பவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவர் ஒரு நாள்கூடக் கலங்கவில்லை. இப்போது வெளியே பெஞ்சில் அந்தக் காது மெஷின் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தேம்புகிறாரே, அதைச் சேர்க்கக் கூடாது. அது வேலை முடிந்த பிறகு.