அவன் சுவர், என் போல்ட்

ஒன்பதே காலுக்கு அவன் படியிறங்குவான். இருபத்திரண்டு வருடமாக அதை வைத்துத்தான் என் பட்டறையைத் திறந்தேன். கடிகாரம் வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை.

நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் பகை கிடையாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் வெல்டிங் பட்டறை வைத்தேன், அவன் மருந்துக்கடை வைத்தான். இடம் என் அப்பா விட்டுப்போனது. “கீழ நான் இருக்கேன், மேல நீ கட்டிக்கோ” என்றேன். கட்டிக்கொண்டான். செலவெல்லாம் அவனுடையது. காகிதம் எதுவும் எழுதவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்ன மேஸ்திரியைப் பார்த்து இருவரும் சிரித்தோம். “அப்போ நடுவுல இருக்கிற படி யாரோடது சார்?” என்று அவர் கேட்டதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தோம்.

படியை நான் செய்தேன். இரும்பு, இருபத்தொரு படி, வீட்டுக்கு வெளியே. புதுவீட்டுக்கு என் அன்பளிப்பு. அடிப்பாகம் என் மண்ணில் நின்றது. மேல்முனையை அவன் சுவரில் நான்கு போல்ட் போட்டு முடுக்கினேன். கீழே கான்கிரீட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டோம். அது அப்புறமாகவே இருந்துவிட்டது.

போன மாதம் ஒரு தாளோடு வந்தான்.

“மச்சான், பொண்ணு நச்சரிக்கிறா. மேல்மாடி எங்களுதுன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடேன்.”

“இப்ப என்ன அவசரம்?”

“நாளைக்கே நமக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?”

“நமக்கா?”

யோசித்தான். பொய் பேசத் தெரியாதவன்.

“சரி, உனக்கு.”

எனக்கு வருத்தம். கோபம் இல்லை, வருத்தம்தான். இத்தனை வருட நட்பை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறானே என்று. என் மகனை அந்த மாடியில் குடிவைக்கலாம் என்று நான் நினைத்திருந்தது வேறு விஷயம். அதையும் இதையும் நீங்கள் முடிச்சுப் போட வேண்டாம்.

கையெழுத்து போடவில்லை. படி என் மண்ணில் நிற்கிறது, இனி என்னைக் கேட்டுவிட்டு ஏறு என்று மட்டும் சொன்னேன். அவன் மேலே போய் நின்றுகொண்டு கத்தினான். எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு அவன் கத்துவதைக் காதுகொடுத்துக் கேட்டார்.

“படி உன்னுதுன்னா, என் சுவத்துல உன் போல்ட் எதுக்குடா? ஆம்பளையா இருந்தா கழட்டிட்டுப் போ.”

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்தவர் சுவரில் என் பொருள் எதற்கு? நண்பன் வாய்விட்டு ஒன்று கேட்கிறான். செய்யாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்பேனரோடு ஏறினேன். ஒளிந்து செய்யவில்லை. அவன் மனைவி கதவைத் திறந்தாள். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

“என்னண்ணே, காலங்காத்தால?”

“துரு பிடிச்சிருக்கும்மா. பாத்துட்டுப் போயிடுறேன்.”

“நேத்து அவர் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. ராத்திரி சோறுகூடத் திங்கல. கடைக்கும் போகலன்னு படுத்திருக்காரு.”

“எனக்குத் தெரியாதாம்மா அவனை?”

காபி கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.

மூன்று போல்ட்டைப் படியில் நின்றபடி கழற்றினேன். நான்காவதை, என் ஏணியைச் சாத்தி அதில் நின்று கழற்றினேன். எதற்கு ஏணி என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். பாதுகாப்புக்குத்தான். எங்கள் தொழிலில் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தேன். சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தேன். அவன் சுவரை அசிங்கமாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ஆள் கால் வைக்காதவரை அந்தப் படி நிற்கும். நின்றது.

சற்று நேரத்தில் தங்கச்சி குடத்தோடு வந்தாள்.

“இரும்மா, பெயின்ட் ஈரம். கொஞ்ச நேரம் கழிச்சு வா.”

உள்ளே போய்விட்டாள். நான் கெட்டவனாக இருந்தால் அவளைத் தடுத்திருப்பேனா? தயவுசெய்து இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

செல்போனில் மணி பார்த்தேன். ஒன்பதே கால். அவன் வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. பட்டறையில் எனக்கு வேலையே ஓடவில்லை.

படி சாய்ந்ததைத் தையல்காரர் சொல்லியிருப்பார். பதினான்கு அடி. வண்டி பிடித்தது நான்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். சாயங்காலம் வரை உயிரோடு இருந்தான்.

வெளியே வரவே மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தவன் எதற்காக எழுந்து வந்தான் என்று கேட்கிறீர்கள். தங்கச்சி சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. ஆமாம், கூப்பிட்டேன். அவன் பிடிவாதக்காரன், யாராவது ஒருவர் இறங்கிப் போகத்தானே வேண்டும்? நான் இறங்கிப் போனேன். பட்டறை வாசலில் நின்று, மேலே பார்த்து, பள்ளிக்கூட நாட்களில் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டேன்.

“மச்சான், கோவத்தை விடு. அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டுக் கீழ வா, கையெழுத்து போட்டுத் தரேன்.”